வண்ண மீன்களின் வெண்புள்ளி வியாதியும் அதற்குரிய சிகிச்சையும்

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நெல், கரும்பு, மணிலா, முந்திரி ஆகியவற்றைப் பயிரிட்டு ஜீவிக்கும் குடியானவர்கள், நிலத்தின் வருமானத்தோடு ஏதேனும் ஓர் உபதொழிலையும் கைக்கொள்வது நன்மை பயக்கும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட விஷயம். கறவை மாடும் கோழியும் வெகு காலமாக இவ்வுபதொழில்களில் முதன்மை பெற்றுள்ளன. அவற்றோடு, கிணற்றடியிலும் வீட்டுப் புறக்கடையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் முதலிய வண்ண மீன்களை வளர்த்து விற்கும் தொழிலும் தமிழ்நாட்டில் பரவி வருகின்றது. அழகுக்காக மீன் வளர்ப்பது இந்நாட்டிற்குப் புதியதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே பொதுஜனங்கள் பார்வையிடுவதற்கென மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பட்டது. இன்று சென்னையைச் சேர்ந்த கொளத்தூர் இவ்வியாபாரத்தின் பெருங்கேந்திரமாக விளங்குகின்றது. 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், புறக்கடையில் வண்ண மீன் வளர்ப்பதற்கும் இடம் அளிக்கப்பட்டது.

இத்தொழிலில் இறங்குவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வெண்புள்ளி வியாதியாகும். நன்னீரில் வாழும் மீன்கள் ஏறக்குறைய யாவற்றையும் இது தாக்கும். தொட்டியில் ஒரு மீனுக்குக் கண்டால், கவனியாது விட்ட ஒன்றிரண்டு வாரங்களில் தொட்டி முழுவதும் காலியாகக் கூடும். ஆயினும் இது தீர்க்கக்கூடாத வியாதியன்று. தீர்க்கும் வழியும் செலவு மிகுந்ததன்று. கிருமியின் வாழ்க்கை வரலாற்றை அறியாது மருந்திடுவதே பெரும்பாலான நஷ்டத்திற்குக் காரணமாகின்றது.

வியாதி ஏமாற்றும் விதம்

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மார்கழி மாதத்தில் ஒரு விவசாயி வெளியூரிலிருந்து நூறு தங்கமீன் குஞ்சுகளை வாங்கிவந்து, முன்னரே மீன்கள் உள்ள தொட்டியில் விடுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். சில நாட்களில் ஐந்து மீன்களின் செதில்களிலும் துடுப்புகளிலும் உப்புத் தூவியதுபோன்ற வெண்மையான புள்ளிகள் தோன்றுகின்றன. அவர் கடையில் நீல மருந்து ஒன்றை வாங்கி, ஒருமுறை தொட்டியில் ஊற்றுகின்றார். நான்காம் நாள் பார்க்கும்போது புள்ளிகள் மறைந்துவிட்டன. வியாதி தீர்ந்ததென்று மகிழ்ந்து மருந்தை நிறுத்துகின்றார்; பக்கத்து வீட்டுக்காரருக்கும் இருபது மீன்களைக் கொடுக்கின்றார். ஏழாம் நாள் தொட்டியிலுள்ள மீன்கள் அனைத்தின் மேலும் புள்ளிகள் நிறைந்து காணப்படுகின்றன. பத்தாம் நாளுக்குள் பெரும்பாலானவை மடிகின்றன. பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் அதே கதி. மருந்து போலியென்று அவர் பழிக்கின்றார்.

இங்கே பிழை மருந்தினுடையதாயிருக்க வேண்டுவதில்லை. புள்ளிகள் மறைந்த நாளன்று மருந்தை நிறுத்தியதே பிழை. அந்நாளில்தான் கிருமி மீனை விட்டிறங்கித் தொட்டியின் அடியில் பெருகத் தொடங்கியிருந்தது. புள்ளி மறைவது குணத்தின் அறிகுறியன்று என்னும் இவ்வொரு செய்தியை மனதிற் கொண்டால், பின்வரும் முறைகள் யாவும் எளிதில் விளங்கும்.

கிருமியின் வாழ்க்கை வரலாறு

இவ்வியாதியை உண்டாக்குவது ஒரே உயிரணுவாலாகிய மிக நுண்ணிய பிராணி. உடல் முழுவதும் மெல்லிய மயிரிழைகள் உண்டு. அவற்றை அசைத்து நீரில் நீந்தும். 1876-ஆம் ஆண்டில் பூக்கே என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இதற்கு இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயரிட்டார். 'ஏராளமான பிள்ளைகளையுடைய மீன் பேன்' என்பது அதன் பொருள். உண்மையில் இது பேன் இனத்தைச் சேர்ந்ததன்று. எனினும் பிள்ளைகள் ஏராளம் என்பது முற்றிலும் பொருத்தமானதே.

இதன் வாழ்க்கையை மூன்று பருவங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, மீனின் உடலில் வாழும் பருவம். கிருமி மீனின் மேற்தோலைத் துளைத்து உட்புகுந்து, தோலுக்கடியில் தங்கி, அதன் திசுக்களை உண்டு வளர்கின்றது. முற்றிய கிருமி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை பருக்கும். நாம் காணும் வெண்புள்ளி இதுவே. தோல் மூடியிருப்பதால், இப்பருவத்தில் நீரில் இடும் மருந்து கிருமியைத் தீண்டுவதில்லை.

இரண்டாவது, தொட்டியின் அடியில் தங்கும் பருவம். முற்றிய கிருமி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறிச் சிறிது நேரம் நீந்தி, தொட்டியின் தரை, சுவர், கல், செடி ஆகிய ஏதேனும் ஒன்றில் ஒட்டிக்கொள்கின்றது. தன்னைச் சுற்றிப் பசைபோன்ற உறையை அமைத்து, அதனுள் இரண்டு, நான்கு, எட்டு எனப் பன்முறை பிளவுபட்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகின்றது. சில சமயம் அத்தொகை ஆயிரத்தை எட்டுவதும் உண்டு. உறையிலிருக்கும் இப்பருவத்திலும் மருந்து எளிதில் பலிப்பதில்லை.

மூன்றாவது, குஞ்சுகள் உறையை விட்டு வெளிவந்து நீரில் நீந்தி மீனைத் தேடும் பருவம். சுமார் 2 நாட்களுக்குள் மீன் கிடையாவிடில் இவை இறந்துபடும். உடலை மூடும் தோலோ உறையோ இல்லாமையால், மருந்து கிருமியைக் கொல்வது இப்பருவத்தில்தான்.

நெற்பயிரில் தண்டுத் துளைப்பானைக் கண்ட விவசாயிகளுக்கு இது புதிய பாடமன்று. புழு தண்டினுள் புகுந்து குருத்துக் காய்ந்தபின் மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவது அரிது. ஆகையால் முட்டைக் குவியலையும் தாய் அந்துப்பூச்சியையும் அழிப்பதில் கருத்தைச் செலுத்துகின்றோம். வெண்புள்ளியும் அவ்வாறே. மீனின் மேலுள்ள புள்ளியை நோக்கி மருந்திடுவதால் பயனில்லை. நீரில் வெளிவரும் குஞ்சுகளுக்காக மருந்து நீரில் எப்போதும் காத்திருக்க வேண்டும். எல்லாக் கிருமிகளும் ஒரே நாளில் வெளிவருவதில்லை. ஆகவே மருந்தும் ஒரே நாளில் முடிவதன்று.

உதாரணமாக, ஐந்து மீன்களில் மீனுக்கு இருபது வீதம் 100 புள்ளிகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 300 குஞ்சுகளை மட்டும் ஈன்றால், தொட்டியில் 30,000 குஞ்சுகள் உலாவும். முதல் தடவை சில புள்ளிகளாகத் தோன்றிய வியாதி இரண்டாம் தடவை மீனையே மூடிவிடுவதன் காரணம் இதுவே.

காலமும் வெப்பமும்

மேற்கூறிய சுழற்சி முழுவதும் நடந்தேற எடுக்கும் காலம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை இருப்பின், 3 முதல் 6 நாட்களில் ஒரு சுற்று முடியும். குளிர் மிகுந்த தேசங்களில் இது பல வாரங்கள் நீடிப்பதும் உண்டு. 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் கிருமியின் பெருக்கம் குன்றுகின்றது.

இதனாலேயே சித்திரை, வைகாசி மாதங்களில் இவ்வியாதி இப்பக்கத்தில் அதிகம் தலைகாட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய ஐப்பசி முதல் தை முடிய உள்ள காலமே ஆபத்தானது. மழையாலும் இரவுக் குளிராலும் ஆழமற்ற தொட்டிகளின் நீர் விரைவில் குளிர்ந்துவிடுகின்றது. இத்திடீர் மாறுதலால் மீன்களின் எதிர்ப்புச் சக்தி தளர்கின்றது. அதே சமயம் வெப்பமும் கிருமிக்கு உகந்த அளவில் அமைந்துவிடுகின்றது. வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் பைகளில் இரவுப் பிரயாணம் செய்து வந்த மீன்கள் மிகவும் எளிதில் இரையாகின்றன.

அடையாளங்கள்

புள்ளிகள் தோன்றுவதற்கு முன்னரே சில குறிகளால் வியாதியை ஊகிக்கலாம். மீன்கள் தொட்டிச் சுவரிலும் கல்லிலும் உடலை உராய்த்துக்கொள்ளும். துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். இரை எடுப்பதைக் குறைக்கும். கிருமி செவுள்களை மட்டும் தாக்கியிருந்தால், உடலில் ஒரு புள்ளியும் தெரியாமலே மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறி இறக்கும். இத்தகைய சமயங்களில் செத்த மீனைக் காட்டிலும், சாகுந்தறுவாயிலுள்ள மீனை அதே தொட்டி நீருடன் கொண்டுசென்று மீன்துறை அலுவலரிடம் காட்டுவது நலம். நுண்ணோக்கியின் கீழ், குதிரை லாடம் போன்ற உட்கருவுடன் மெல்ல உருளும் கிருமி தெளிவாகத் தெரியும்.

மூன்று விஷயங்களில் மயக்கம் நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் நரம்பிலும் சிறு வெண்முத்துக்கள் தோன்றும். அது வியாதியன்று, ஆண்மீனின் இயற்கை அடையாளம். மீன் சுறுசுறுப்பாக இரை எடுக்குமாயின் மருந்திட வேண்டுவதில்லை. இரண்டாவது, மீன் பேன் என்பது தட்டையாக, வெறுங்கண்ணுக்குக் கால்களுடன் தெரிவது. மீனின் மேல் நகரும். அதற்குச் சிகிச்சை வேறு. மூன்றாவது, கடலோரத்து இறால் பண்ணைகளில் பெருநஷ்டம் விளைவிக்கும் வெண்புள்ளி வியாதி, வைரஸ் என்னும் விஷக்கிருமியால் வருவது. பெயர் ஒன்றேயன்றி இதற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

சிகிச்சை முறைகள்

எம்மருந்தை உபயோகிப்பதாயினும் முதலில் தொட்டியின் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும். நீளம், அகலம், நீரின் ஆழம் ஆகியவற்றை மீட்டரில் அளந்து பெருக்கி, வரும் தொகையை 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் உள்ள தொட்டியில் 3,000 லிட்டர் நீர் நிற்கும். கண்மதிப்பாகக் கைப்பிடி அளந்து போடுவது வியாதியைக் காட்டிலும் அதிக மீன்களைக் கொல்லும்.

அடிமண்ணை அகற்றுதல்: நாள்தோறும் ரப்பர் குழாயால் தொட்டியின் அடியிலுள்ள கசடை உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். உறைக்குள் பெருகும் கிருமிகளில் பெரும்பகுதி கசடோடு போய்விடும். மருந்தில்லாச் சிகிச்சைகளில் இது முதன்மையானது. புதிதாக விடும் நீரின் வெப்பம் தொட்டி நீரின் வெப்பத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

உப்புச் சிகிச்சை: சாதாரணக் கல்லுப்பே போதுமானது. லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை என்பது அளவு. மேற்கண்ட 3,000 லிட்டர் தொட்டிக்கு 6 முதல் 9 கிலோ ஆகும். இதனை ஒரே தடவையில் கொட்டாமல், தனிப் பாத்திரத்தில் கரைத்து ஒரு நாளில் மூன்று தவணையாக விட வேண்டும். நீரை மாற்றும்போதெல்லாம் வெளியேறிய நீருக்குத் தக்கபடி உப்பையும் ஈடு செய்ய வேண்டும். 9 கிலோ இட்ட தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால், 3 கிலோ உப்பை மீண்டும் கரைத்து விடுவது அவசியம். கப்பி, மோலி, தங்கமீன் ஆகியவை இவ்வளவை நன்கு தாங்கும். கெளுத்தி இன மீன்களுக்கும் டெட்ரா இன மீன்களுக்கும் உப்பு ஒவ்வாமல் போகக்கூடும். அவற்றிற்கு அளவைக் குறைத்து, கசடு அகற்றுதலையே முக்கியமாகக் கொள்ள வேண்டும்.

இச்சிகிச்சையைக் கடைசிப் புள்ளி மறைந்தபின்னும் ஒரு வாரம் விடாது நடத்த வேண்டும். பொதுவாக 10 முதல் 14 நாட்கள் ஆகும்.

தொட்டி மாற்றும் முறை: மீன்கள் குறைவாகவும் தொட்டிகள் அதிகமாகவும் உள்ளவர்கள் மருந்தின்றியே குணம் காணலாம். மீன்களைப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றி வந்தால், மீனை விட்டிறங்கிய கிருமி பழைய தொட்டியிலேயே தங்கிப்போகும். குஞ்சுகள் வெளிவரும்போது அங்கே மீன் இராது. இவ்வாறு ஒரு வாரத்திற்குக் குறையாமல் செய்ய வேண்டும். காலி செய்த தொட்டியை நீர் வடித்து, வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே மீண்டும் நிரப்பலாம். இக்கிருமி உலர்ச்சியைத் தாங்காது. கைவலையையும் வாளியையும் அவ்வாறே உலர்த்துக.

ஃபார்மலின்: உப்பினால் அடங்காத கடுமையான தாக்குதலுக்கு இது பயன்படும். 1,000 லிட்டர் நீருக்கு 15 முதல் 25 மில்லிலிட்டர் வரை, ஒன்றுவிட்ட நாளில் மூன்று தடவை இடுவது வழக்கம். இடைநாட்களில் பாதி நீரை மாற்ற வேண்டும். ஃபார்மலின் நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்கும் இயல்புடையது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபார்மலின், சுமார் ஒரு மில்லிகிராம் பிராணவாயுவை அழிப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஆகையால் காற்றூட்டும் கருவி இல்லாத தொட்டியில் இதனை உபயோகிக்கலாகாது. வெப்பம் மிகுந்த நாட்களில் குறைந்த அளவே போதும். புட்டியின் அடியில் வெண்ணிற வண்டல் கண்டால் அம்மருந்தைத் தள்ளிவிட வேண்டும். அது மீன்களுக்குக் கொடிய விஷம். இதன் ஆவி மனிதருக்கும் தீங்கு செய்வதால், கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், மீன்துறையினரின் ஆலோசனையோடு மட்டுமே கையாள வேண்டும்.

விலக்க வேண்டியவை: வெற்றிலைக்கும் காய்கறிக்கும் போர்டோக் கலவை தயாரிக்க மயில்துத்தம் கைவசம் இருப்பதால், அதனையே மீன்தொட்டியிலும் இடும் ஆசை சிலருக்கு உண்டாகலாம். மயில்துத்தத்தின் விஷத்தன்மை நீரின் காரத்தன்மையைப் பொறுத்து வெகுவாக மாறுபடும். நீரைப் பரிசோதியாது இட்டால் கிருமியோடு மீனும் மடியும். மாலகைட் பச்சை என்னும் சாயம் முற்காலத்தில் இவ்வியாதிக்குப் பெரிதும் உபயோகிக்கப்பட்டது; மனித தேகத்திற்குக் கெடுதி விளைவிப்பதால் உணவு மீன் வளர்ப்பில் அது தடுக்கப்பட்டுள்ளது. கெண்டை, கட்லா முதலிய உணவு மீன்கள் உள்ள நீரில் அதன் துளியும் சேரக்கூடாது. மஞ்சளையும் வேப்பிலையையும் மட்டும் நம்பி நாட்களைக் கடத்துவதும் தவறு. இவ்வியாதியில் கழியும் ஒவ்வொரு நாளும் கிருமிக்கே லாபம்.

சிகிச்சை நாட்களில் இரையைப் பாதியாகக் குறைக்கவும். தென்னங்கீற்றாலோ தார்ப்பாயாலோ இரவில் தொட்டியை மூடி வைத்தால் வெப்பம் இறங்காது. கண்ணாடித் தொட்டிகளில் வெப்பமூட்டும் கருவியால் நீரைச் சிறுகச் சிறுக 30 டிகிரி வரை ஏற்றலாம். அப்போது காற்றூட்டத்தை அதிகப்படுத்துவது அவசியம்.

வருமுன் காத்தல்

புதிதாக வாங்கிய மீன்களை மூன்று வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். அத்தொட்டிக்கென வலை, வாளி, குழாய் தனியே இருத்தல் வேண்டும். புதிய மாட்டைத் தொழுவத்தில் கட்டுவதற்கு முன் சில நாள் தனியே கட்டிப் பார்க்கும் பழக்கத்தை மீனுக்கும் கைக்கொள்ளுதலே இது. வியாதியிலிருந்து பிழைத்த மீன்கள் எதிர்ப்புச் சக்தி பெறும்; ஆனால் தாம் நலமாயிருந்துகொண்டே சிறிதளவு கிருமியைச் சுமந்து மற்றவற்றிற்குக் கொடுக்கவும் கூடும். எனவே, பார்வைக்கு நன்றாயிருக்கும் மீனையும் தனித்து வைப்பதில் விதிவிலக்குக் கூடாது.

நீரைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீர் வாலாஜா ஏரிக்கும், அங்கிருந்து பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்திற்கு உதவுவதை இவ்வட்டாரத்தார் அறிவர். ஏரி நீரும் வாய்க்கால் நீரும் பயிருக்கு உகந்தவையே. ஆயினும் அவற்றில் இயற்கையாக வாழும் மீன்களிடமிருந்து கிருமிகள் தொட்டிக்கு வரக்கூடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் மீன் இல்லை. ஆகையால் இக்கிருமியும் இல்லை. ஆனால் அந்நீரில் பிராணவாயு குறைவு. ஒரு நாள் தனித் தொட்டியில் நிறுத்திக் காற்றூட்டிய பின்னரே மீன்களுக்கு விட வேண்டும்.

கழிவு நீரைப் பற்றிய எச்சரிக்கை

லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள நீரை நாற்றங்காலிலோ காய்கறிப் பாத்தியிலோ பாய்ச்சினால் பயிர் வாடும். அதனைச் சாகுபடியில்லாத தரையில் விட்டு உலரச் செய்க. எக்காரணத்தாலும் வியாதி கண்ட தொட்டியின் நீரையோ மீனையோ வாய்க்காலிலும் ஏரியிலும் விடலாகாது. இக்கிருமி வண்ண மீனை மட்டும் தாக்குவதன்று. ஏரியில் விட்ட கட்லா, ரோகு குஞ்சுகளையும் தாக்கும். ஒருவர் வீட்டுத் தொட்டியின் நஷ்டம் அவரோடு நிற்கும். ஏரியில் பரவினால் ஏரியை நம்பியுள்ள மீனவர் யாவருக்கும் நஷ்டம். கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தை மீன் வளர்ப்போருக்கு எடுத்துரைப்பதும், மீன்கள் திடீரென மடிந்த செய்தி கிடைத்தவுடன் மீன்துறைக்கு அறிவிப்பதும் பொதுநலத்திற்குச் செய்யும் பேருதவியாகும்.

சுருக்கம்

1. புதிய மீன்களை மூன்று வாரம் தனியே வைக்கவும்.

2. மீன்கள் உடலை உராய்ப்பதைக் கண்டவுடன் கவனிக்கவும். புள்ளி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.

3. தொட்டியை அளந்து, லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை கல்லுப்பைத் தவணையாகக் கரைத்து விடவும்.

4. தினந்தோறும் அடிக்கசடை உறிஞ்சி நீரை மாற்றவும். குறைந்த உப்பை ஈடு செய்யவும்.

5. கடைசிப் புள்ளி மறைந்தபின் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடரவும். அவ்வொரு வாரத்தில் மீனை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது.

6. கழிவு நீரை வாய்க்காலிலும் ஏரியிலும் விடக்கூடாது.

களை விதை முளைக்கும்வரை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாமையால் அது இல்லையென்று எந்த விவசாயியும் எண்ணுவதில்லை. தெளிந்த நீரும் புள்ளியற்ற மீனும் கண்டவுடன் கையைக் கட்டிக்கொள்ளாமல், எஞ்சிய ஒரு வாரத்தையும் பொறுமையுடன் கடத்துவோருக்கு இவ்வுபதொழில் நஷ்டம் தராது நிலைக்கும்.